உள் லைட் ஃப்யூஸ்

தூக்கத்தை விரட்டுவதற்காகச் செய்த பெட்டி அது. நாற்கரச் சாலையில் விடிய விடிய ஓட்டுகிறவர்கள் கண்ணயர்ந்து போய், நிற்கிற லாரிக்குப் பின்னால் செருகிக்கொள்கிறார்கள் என்று, பக்கத்து சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்து வளவளவென்று பேசிக்கொண்டு வந்தால் எப்படியோ அப்படிப் பேச்சுக் கொடுக்கிற ஒரு பெட்டியைச் செய்து காரில் மாட்டினார்கள். விளம்பரத்தில் அதற்கு ஏதோ நீளமான பெயர். ஜனங்கள் துணைப்பெட்டி என்று சுருக்கிவிட்டார்கள். நெடுஞ்சாலைக்கென்று வந்த பெட்டி கொஞ்ச நாளில் ஊருக்குள்ளும் வந்துவிட்டது. அப்புறம் என்ன ஆயிற்று என்றால், சாயங்காலமானால் திருச்சியில் எந்தத் தெருவில் பார்த்தாலும், நிறுத்திய காருக்குள் யாராவது ஒருவர் தனியாக உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் விளக்கு எரியும், டிவி ஓடும், ஆள் மட்டும் காரில் இருப்பார். முதலில் வேடிக்கை பார்த்த தெரு, பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டது.

தமயந்தியின் வீட்டுக்காரர் மதிவாணன் அப்படிப்பட்டவர்களில் ஒருவர். இருந்தவர். அவர் போய்ச் சேர்ந்து, காரியமெல்லாம் முடிந்து, புனேயில் இருக்கும் மகள் போனிலேயே காருக்கு ஆள் பிடித்துவிட்டாள். வாங்குகிறவர் இன்றைக்கு மத்தியானம் வருகிறார். "அந்தப் பெட்டியை மட்டும் கழட்டிடுங்க, வேற ஒருத்தர் பேசின பெட்டி நமக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டாராம். நியாயம்தானே, பிறர் தேய்த்த பல்குச்சியை யார் வாங்குவார்கள்? அதைக் கழற்றத்தான் இருதயராஜ் வந்திருந்தான்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன்களில் இரண்டு வகை. பேசாமல் வேலை செய்கிறவர்கள் ஒரு வகை. பேசுவதற்காகவே வேலை செய்கிறவர்கள் இன்னொரு வகை. இருதயராஜ் இரண்டாவது. கார் தெருவோரம் புங்கமரத்தடியில், இலையும் பறவை எச்சமுமாக நின்றது. சாவியைத் திருப்பிப் பார்த்தான். முனகக்கூட இல்லை.

"பேட்டரி படுத்துடுச்சும்மா. நான் வேற பேட்டரி கொண்டாந்திருக்கேன், பயப்படாதீங்க" என்றான். தமயந்தி ஒன்றும் பயப்படவில்லை. வாசல்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்தக் காரில் அவள் ஏறி ஒன்பது வருஷம் ஆகிறது. அதன் பக்கத்தில் வந்து நிற்பதே அவளுக்குப் பிடிக்கவில்லை.

இருதயராஜ் வயர் போட்டு இரண்டு பேட்டரியையும் இணைத்தான். பிறகு டிரைவர் சீட்டில் தலைகீழாக மடங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த ஃப்யூஸ் பெட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தான்.

"அட, இது என்னம்மா கூத்து!"

"என்ன?"

"இங்க வந்து பாருங்களேன். இதுல ரெண்டு மாதிரி ஃப்யூஸ் இருக்கு. ஒரு வகைக்குச் சாவி போட்டாத்தான் கரண்ட் வரும். வைப்பரு, போன் சார்ஜரு, அந்த மாதிரி. இன்னொரு வகைக்குச் சாவி இருந்தாலும் இல்லாட்டியும் எப்பவும் கரண்ட் இருக்கும். துணைப்பெட்டியைச் சாவி ஃப்யூஸ்லதான் மாட்டுவோம். வண்டி நின்னா அதுவும் தூங்கிடும், பேட்டரியும் பிழைக்கும். சார்ஜர் ஃப்யூஸ்ல கிளை எடுத்து இதை மாட்டினது இந்தக் கைதான். சார் அதைப் பிடுங்கி உள் லைட் ஃப்யூஸ்ல சொருகி வெச்சிருக்காரு."

"உள் லைட்டுன்னா?"

"கதவைத் திறந்தா தலைக்கு மேல எரியுமே, அது. அதுக்கு எந்நேரமும் கரண்ட் உண்டு. அப்ப இந்தப் பெட்டி ராவும் பகலும் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டே கிடந்திருக்கு. எதுக்கும்மா அப்படி? தினமும் ஓட்டினதால பேட்டரி தாக்குப்பிடிச்சிருக்கு. ஓட்ட ஆள் இல்லைன்னதும் உறிஞ்சித் தீர்த்துடுச்சு."

"அது தூங்கினா அவருக்கு மனசு தாங்காது போல" என்றாள் தமயந்தி. சொன்ன பிறகுதான் அதில் எவ்வளவு கசப்பு இருந்தது என்று அவளுக்கே கேட்டது.

கசப்பு இருக்காதா? வீட்டுக்குள் இருந்த மனுஷி தூங்கினாளா முழித்தாளா என்று ஒன்பது வருஷமாக ஒரு வார்த்தை கேட்டதில்லை அந்த மனிதர்.

விஷயம் இதுதான். கீரனூரில் அண்ணன் வீட்டில் இருந்த தமயந்தியின் அம்மாவுக்கு ஒரு நாள் சாயங்காலம் முடியாமல் போயிற்று. அண்ணன் மதிவாணனுக்குப் போன் செய்து, அம்மா கண்ணைத் திறந்து திறந்து இவளைத்தான் தேடுகிறாள், உடனே கூட்டி வாருங்கள் என்றார். தமயந்தி அன்று காய்ச்சலில் படுத்திருந்தாள். வெளியே மழை. மதிவாணன் அவளிடம் சொல்லவே இல்லை. விடிந்ததும்தான் எழுப்பிக் கூட்டிப் போனார். அரை மணி நேரத் தூரம். போய் இறங்கியபோது அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். "உனக்குக் காய்ச்சலா இருந்துச்சு, அதான்" என்றார். எல்லாம் முடிந்து திரும்பி வரும்போது, இதே காரில், முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள்: "நானா பேசச் சொல்ற வரைக்கும் என்கிட்ட வாயைத் திறக்காதீங்க."

திறக்கவில்லை மனுஷர்! கோபத்தில் பெண்டாட்டி ஆயிரம் சொல்வாள். ரெண்டு நாள் உம்மென்று இருந்துவிட்டு, மூன்றாம் நாள் காபி நல்லா இருக்கு என்று ஏதாவது உளறினால் தீர்ந்தது. அதை விட்டுவிட்டு, கோர்ட் உத்தரவு மாதிரியா கடைசி வரை நிறைவேற்றுவது? அவர் வந்து பேசட்டும் என்று இவள் இருந்தாள். இவள் பேசச் சொல்லட்டும் என்று அவர் இருந்தார். சாப்பாடு ஆச்சு என்று இவள் சுவரிடம் சொல்வாள். வெளியே போயிட்டு வரணும் என்று அவர் செருப்பிடம் சொல்வார். மகள் கல்யாணத்தைக்கூட இப்படியே நடத்தி முடித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்தது அதற்குக் கொஞ்ச காலம் கழித்துத்தான். அதிலிருந்து தினமும் மூன்று மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு முக்கொம்புப் பக்கம் போய்விடுவார். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுவார். அங்கே மரத்தடியில் காரை நிறுத்திக்கொண்டு மதிவாணன் சார் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்ததை எதிர்வீட்டு ஜெயசீலி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அவர் சிரித்து எத்தனை காலம்! அன்றைக்குத் தமயந்தி குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

காரைக் கொண்டுவந்து நிறுத்துவார், பூட்ட மாட்டார். தெருவில் நிற்கிற காரை யாராவது பூட்டாமல் விடுவார்களா? அவ்வளவு மறதி. "வண்டி பூட்டலை" என்று ஒரு நாள் சுவரிடம் சொல்லிப் பார்த்தாள். சுவரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சரி, எக்கேடோ கெடட்டும் என்று விட மனசு வந்ததா என்றால் அதுவும் இல்லை. மாற்றுச் சாவியைச் சமையலறை ஜன்னல் ஆணியில் மாட்டி வைத்துக்கொண்டு, அவர் உள்ளே வந்து கை கால் கழுவப் போனதும், ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அமுக்குவாள். கார் ஒருமுறை கண்ணைச் சிமிட்டிப் பூட்டிக்கொள்ளும். அவருக்காக அவள் ஆசையாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

"இருதயராஜு, ஒண்ணு கேக்கணும்" என்றாள் இப்போது. "இதுல பேசுறது ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?"

டார்ச்சை அணைத்துவிட்டு நிமிர்ந்தான். "ஏம்மா, நீங்க கேட்டதே இல்லையா?"

"இல்லை."

"அவங்கவங்க கொண்டாந்து குடுக்குற குரல்தாம்மா. பத்து நிமிஷக் குரல் இருந்தாப் போதும், அப்படியே பிடிச்சுக்கும். எடமலைப்பட்டிப் புதூர்ல ஒருத்தர் செத்துப்போன தம்பி குரலை வெச்சிருக்காரு. வீட்டுக்குள்ள வரவே மாட்டேங்கிறாருன்னு அந்தம்மா என் கடையில வந்து அழுவுறாங்க, கழட்டிடுப்பான்னு. புருஷனுக்குத் தெரியாம எப்படிங்க கழட்டறது? நாங்க வயரை மாட்டுறோம், அது எங்க எங்கயோ போய் இழுக்குது."

"இதுல யார் குரல்?"

இருதயராஜ் டார்ச்சைக் கீழே வைத்தான். காது மடலைத் தேய்த்துக்கொண்டான். பிறகு சட்டென்று கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான். என்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது. காருக்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள்.

"வந்துட்டீங்களா? கொத்தமல்லி வாங்கப் போனவர் மாதிரி எங்க போனீங்க இத்தனை நாளா? ஆளையே காணோம்!"

தமயந்தி காம்பவுண்ட் சுவரைப் பிடித்துக்கொண்டாள். யாரோ ஒருத்தியின் குரலுக்காகத்தான் அவள் இத்தனை வருஷமாகத் தன்னைத் தயார் செய்து வைத்திருந்தாள். தன் குரலுக்காக அல்ல. அதுவும் இன்றைக்கு இருக்கிற கரகரத்த குரல் இல்லை. கிண்டலும் அதட்டலுமாக, எப்போதோ அவளிடம் இருந்த குரல்.

"உங்க பழைய குரல் மெசேஜ்தாம்மா" என்றான் இருதயராஜ் மெதுவாக. "போன்ல சேர்த்து வெச்சிருந்தாரு. தயிர் வாங்கிட்டு வாங்க, கேஸ்காரர் வந்துட்டுப் போயிட்டாரு, மழை வருது குடை எங்க, எல்லாம் இப்படித்தான். இதை வெச்சே பண்ணிடலாமான்னு கேட்டாரு. பண்ணிடலாம் சார்னேன். தப்பாம்மா?"

அவளுக்குப் பயம், வெட்கம், பொறாமை எல்லாம் ஒன்றாக வந்தது. தன் குரலின் மேலேயே பொறாமைப்பட்டவள் இந்த ஊரில் வேறு யாராவது உண்டா?

"இதைக் கழட்டினா என்ன ஆகும்?"

"மறந்துடும். கரண்ட் போனா ஒண்ணும் ஆகாது, உள்ள சின்ன பேட்டரி இருக்கு. ஆனா வயரை உருவிட்டா, திருட்டுப் போகுதுன்னு நெனச்சுத் தன்னையே துடைச்சுக்கும். அப்புறம் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் எழுந்து கையைத் துடைத்தான். "நான் முக்குல ஒரு டீ சாப்பிட்டு வந்துடறேன்மா. என்ஜின் ஓடட்டும், பேட்டரி கொஞ்சம் ஏறட்டும்."

தமயந்தி சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்தாள். தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"இடது கதவு" என்றது பெட்டி. "இது புதுசா இருக்கே. யாரு?"

தன் குரலுக்குத் தானே எப்படிப் பதில் சொல்வது?

"சொன்னாத்தானே தெரியும். எனக்குக் கண் கிடையாது, காதுதான்."

"நான்தான்."

"வீட்டுல இருக்கிறவங்களா?"

"ம்."

"அவர் எங்க?"

"செத்துப் போயிட்டாரு." இத்தனை நாளும் மற்றவர்கள்தான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், காலமாயிட்டாராமே, தவறிட்டாராமே என்று. அவள் தன் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. முதல்முதலாகச் சொன்னதும் அது அப்போதுதான் நடந்த மாதிரி இருந்தது. "தூக்கத்துலயே. பங்குனி உத்திரத்துக்கு மறுநாள்."

"உத்திரத்தன்னிக்கு வந்தாரே" என்றது பெட்டி. "தூறல் போட்டுச்சு, சீக்கிரம் கிளம்பிட்டாரு."

"என்ன பேசினாரு?"

"அவர் சொன்னதை அவர்கிட்ட மட்டும்தான் சொல்லலாம். அப்படித்தான் என்னைச் செஞ்சிருக்காங்க."

"நான் அவர் பொண்டாட்டி!"

"தெரியும். இருந்தாலும் முடியாது. கோவிச்சுக்காதீங்க."

"என் குரலையே எடுத்து வெச்சுக்கிட்டு என்கிட்டயே முடியாதுங்கிறியா?"

"ஒண்ணு மட்டும் சொல்லலாம்" என்றது அது. "உங்களுக்குன்னு ஒரு சேதி சொல்லி வெச்சிருக்காரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அதைப் போடணும். அது என்ன வார்த்தைன்னு நான் சொல்லக் கூடாது. நீங்களாத்தான் சொல்லணுமாம்."

தமயந்தி மகள் பேரைச் சொன்னாள். குலதெய்வத்தின் பேரைச் சொன்னாள். கீரனூர் என்றாள், அம்மா என்றாள். மன்னிச்சிடுங்க என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். பெட்டி ஒவ்வொன்றுக்கும் "இல்லை" என்றது, பரிதாபமாக. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தெருமுனையில் இருதயராஜ் டீ கிளாஸை வைத்துவிட்டுத் திரும்புவது தெரிந்தது. இன்னும் கொஞ்சத்தில் வயரை உருவிவிடுவான். அந்த மனிதர் கடைசியாகச் சொல்ல நினைத்தது என்னவோ அது இந்தப் பெட்டியோடு போய்விடும். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. டேஷ்போர்டைப் படாரென்று அறைந்தாள்.

"உசுரோட இருந்தப்பவும் வாயைத் திறக்கலை. செத்த பின்னாடியும் இதே அழும்பா? இப்பவாவது பேசுங்களேன்! பேசுங்க!"

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"தமயந்தி" என்றார் மதிவாணன். "நீயா பேசச் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்கன்னே. சொல்லிட்ட போல. அதான் இது ஓடுது."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு உன் காய்ச்சலுக்காக நிறுத்தலை. எனக்கு ராத்திரியில ரோடு தெரியாது. ரொம்ப நாளாவே அப்படித்தான். எதிர்ல லைட் வந்தா கண்ணுல வெள்ளைத் துணியைக் கட்டினாப்ல ஆயிடும். அன்னிக்கு மழை வேற. உங்க அண்ணன்கிட்ட அதைச் சொல்ல வெட்கம். உன்கிட்ட அதைவிட வெட்கம். ஒரு வாடகைக் காரைக் கூப்பிட்டிருக்கலாம். கார் வெச்சிருக்கிறவன் எதுக்கு வாடகைக் கார்ல வந்தான்னு உங்க வீட்டுல கேப்பாங்களேன்னு இருந்துட்டேன். அவ்வளவுதான் சமாச்சாரம். உங்கம்மா உன்னைப் பார்க்காமப் போனது என் கண்ணால இல்லை, என் வீம்பால. திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. திட்டுறதுக்காவது என்கிட்ட பேசு."

அவ்வளவுதான். அப்புறம் என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. தினமும் வெளிச்சம் இருக்கும்போதே ஓடி வந்துவிடுவாரே! அதைக்கூடக் கவனித்து ஏன் என்று கேட்கவில்லையே நான் என்று தமயந்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். காரியத்தன்றுகூட அவள் இப்படி அழவில்லை.

இருதயராஜ் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, தள்ளிப்போய் மரத்தடியில் குந்திக்கொண்டான்.

"இனிமே நீங்க எது கேட்டாலும் சொல்லலாம்" என்றது பெட்டி. "அந்த வார்த்தையைச் சொல்லிட்டா உங்ககிட்ட எதையும் மறைக்க வேண்டாம்னு சொல்லியிருக்காரு."

மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள். "இதை எப்பச் சொல்லி வெச்சாரு?"

"என்னை மாட்டின மறுநாள். அன்னிக்குத்தான் ஃப்யூஸையும் மாத்தினாரு."

"ஏன் மாத்தினாரு? நீ தனியா தூங்கக் கூடாதுன்னா?"

"எனக்காக இல்லை. உங்களுக்காக. அவர் முகத்துக்கு நேரா உங்களால பேச முடியாதாம், நீங்க அவ்வளவு ரோஷக்காரியாம். அவர் இல்லாத நேரமாப் பார்த்து என்னைக்காவது ஒரு நாள் வந்து கார்ல உக்காந்து பாப்பீங்களாம். அப்ப சாவி இருக்காது. சாவி இல்லைன்னு நான் தூங்கிட்டா, நீங்க சொல்றது யார் காதுல விழும்? அதனாலதான் கதவு திறந்தா எரியுற லைட்டோட என்னைச் சேர்த்தாரு. நீங்க கதவைத் திறக்கணுமேன்னு, காரைப் பூட்டாமயே விட்டுட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவாரு."

தமயந்தி சமையலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"மறுநாள் வருவாரு" என்றது பெட்டி, அவளுடைய அந்தப் பழைய, கிண்டலான, அன்பான குரலில். "அவர் பூட்டாம விட்ட கார் பூட்டிக் கிடக்கும். திறந்து உக்காருவாரு. அப்புறம் சொல்வாரு, இன்னிக்கும் பூட்டிட்டா, இன்னும் கோபம் தீரலை போல, அப்படின்னு. தினமும் அதுதான் முதல் பேச்சு."

இருதயராஜ் வந்து கண்ணாடியைத் தட்டினான். "வாங்குறவர் வந்துடுவாரும்மா. கழட்டிடலாமா?"

"வேண்டாம்" என்றாள். "வண்டி விக்கலை. அந்த ஃப்யூஸ்லயே இருக்கட்டும்."

"பேட்டரி மறுபடி இறங்கிடுமேம்மா. யாரு ஓட்டுவா?"

"நீ வாரா வாரம் வந்து ஓட்டிட்டு வா. பகல்லயே."

அவன் என்ஜினை அணைத்தான். பிறகு ஃப்யூஸ் பெட்டியின் மூடியை அழுத்திப் பொருத்திவிட்டு, தன் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். மகள் போனில் கத்தினாள், தனியா இருக்கிற பொம்பளைக்குக் கார் எதுக்கும்மா என்று. எதுக்கோ என்றாள் தமயந்தி.

சாயங்காலம் எதிர்வீட்டில் டிவி சத்தம் கேட்டது. புங்கமரத்துக்குக் கீழே இருட்டு சேர்ந்துகொண்டிருந்தது. சமையலறையில் ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி களைந்துகொண்டிருந்தவளின் கை, பழக்கதோஷத்தில், ஜன்னல் ஆணியில் தொங்கிய சாவியிடம் போயிற்று. பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சாவியை எடுத்து, தீர்ந்துபோன கடுகு டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

கார் அன்று பூட்டாமல் நின்றது. திறந்து பார்க்க ஆள்தான் இல்லை.